கூடை கவிழ்த்த குழாய்

ஹரி சார் "செஞ்சி" என்று சொன்னதும் சுவாதி குனிந்து நோட்டில் எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தாள்.

அவருடைய முழுப்பெயர் அரிகிருஷ்ணன். ஆனால் அந்த டிசைன் ஸ்கூலில் யாரையும் சார், மேடம் என்று கூப்பிடக் கூடாது. அங்கே எல்லோரும் சமம். அதனால் ஐம்பது வயதுக்காரரை மொட்டையாக "ஹரி" என்று கூப்பிட வேண்டும். சுவாதிக்கு அது வாயில் வரவில்லை. "ஹரி" என்பதை வகுப்புக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு "சார்" என்பதை வாய்க்குள் போட்டு முழுங்கிக்கொள்வாள். இரண்டு வருஷமாகச் சமத்துவம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் வருஷப் பிள்ளைகளை ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆறு நாள் ஏதாவது கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு இம்மர்ஷன் என்று பெயர், அதாவது முழுக்கு. ஊருக்குள் போய் ஜனங்களுடைய பிரச்சினை என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தீர்வாக ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். ஆறாம் நாள் ஜூரி என்று இரண்டு பெரிய மனிதர்கள் சென்னையிலிருந்து வந்து பார்த்து மார்க் போடுவார்கள். எங்களுக்குத் தீர்வு வேண்டும் என்று அந்த ஊர் எப்போதாவது கேட்டதா என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

"இந்த வருஷம் செஞ்சி" என்று ஹரி திரையில் கோட்டைப் படத்தைப் போட்டார். ராஜகிரி உச்சியில் ஒரு மேகம். அவருக்குக் கோட்டை வரைவதில் ஆசை. கோட்டையையும் பார்த்துவிடலாம், ஏழைகளையும் பார்த்துவிடலாம். வகுப்பே கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது சுவாதிதான். மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

காரணம் இதுதான். சுவாதியின் ஊர் செஞ்சியிலிருந்து ஏழாவது கிலோமீட்டர், தளவானூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் போனால் வரும். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே அங்கே இன்னொரு சர்வே போய் இறங்கும். ஆனால் அவள் வகுப்பில் சொல்லி வைத்திருந்தது பாண்டிச்சேரி.

திட்டம் போட்டுச் சொன்ன பொய்யில்லை அது. சேர்ந்த முதல் நாள் எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரவைத்து, எங்கிருந்து வருகிறீர்கள், உங்கள் கதை என்ன என்று கேட்டார்கள். ஒருத்தி மூன்று நாடுகளில் வளர்ந்தவள். ஒருவனுடைய தாத்தா ஓவியக்கூடம் வைத்திருந்தார். மோனிகா என்றொரு பெண், "நான் அடையாறு, செம போர்" என்று சொல்லிச் சிரித்தாள். சுவாதியின் முறை வந்தது. செஞ்சி என்று சொன்னால் செஞ்சியில் எங்கே என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். காலனி என்றதும் கேட்டவர் முகம் என்ன ஆகும் என்பதைப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சலித்தவள் அவள். வாய் தானாக "பாண்டி" என்றது. பாண்டியில் யாரும் தெருவைக் கேட்பதில்லை, எந்த காபிக் கடை என்றுதான் கேட்பார்கள்.

அவள் பாண்டிக்குப் போனது இரண்டே தடவை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு, ஒரு தடவை கல்யாணத்துக்கு. ஆனால் பொய்யைப் பெற்றுப் போட்டால் அதற்குச் சோறும் போட வேண்டுமே. போனில் பார்த்துக் கடைப்பெயர்களை மனப்பாடம் செய்தாள். ஒருநாள் அந்த வெள்ளைக்காரத் தெரு பேக்கரி எப்படி என்று கேட்டார்கள். அதைப்பற்றி ஒன்றும் தெரியாமல், "அதெல்லாம் டூரிஸ்டுக்கு" என்று உதட்டைச் சுழித்தாள். அன்றிலிருந்து அவள்மேல் வகுப்புக்கே தனி மரியாதை. அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு "கம்யூனிட்டி ஒர்க்" என்றாள். அம்மா மகளிர் குழுத் தலைவி, ஆகவே அது முழுப்பொய் இல்லை. நைனா பெங்களூரில் கட்டட வேலை செய்வதை "கன்ஸ்ட்ரக்ஷன்" என்றாள். அதுவும் பொய்யில்லை.

இப்போது செஞ்சி. அம்மாவுக்குப் போன் செய்து, "பரீட்சை, ஒரு வாரம் பேச முடியாது" என்றாள். ஹரியிடம் கெஞ்சி அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகிற குழுவில் பெயர் கொடுத்தாள். அம்மா அங்கே வருவது வாரச்சந்தை கூடுகிற ஒரு நாள் மட்டும்தான், அன்று தலைவலி என்று லாட்ஜிலேயே படுத்துவிட்டால் ஆயிற்று. எல்லாம் கச்சிதமாகப் போட்ட கணக்கு.

முதல் நாள் காலையில் லாட்ஜ் வாசலில் ஹரி அந்தக் கணக்கை ஒரே வாக்கியத்தில் கலைத்தார். "சுவாதி, நீ மோனிகா டீமுக்குப் போ. அவங்களுக்கு லோக்கல் தமிழ் வராது."

"எனக்கும் பாண்டித் தமிழ்தான் ஹரி... சார்."

"பக்கம்தானே" என்றார் ஹரி.

வேன் கிளம்பியது. மோனிகாவும் ஆதவன் என்கிற கேமராக்காரப் பையனும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வேன் எந்தத் திருப்பத்தில் திரும்பக் கூடாது என்று சுவாதி வேண்டிக்கொண்டாளோ அந்தத் திருப்பத்தில் சரியாகத் திரும்பியது. ஊருக்குள் போய், ஊரைத் தாண்டி, காலனித் தெருவில் நின்றது. தெருவில் நாற்பது வீடுகள். மோனிகா இறங்கி நாலுபுறமும் பார்த்து ஒரு கதவைக் காட்டி, "வாவ். என்ன ஒரு ஹானஸ்ட் ப்ளூ!" என்றாள்.

பெங்களூரில் ஏதோ அடுக்குமாடிக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை நைனா டப்பாவோடு கொண்டுவந்தார். பன்னிரண்டாம் வகுப்பு லீவில் அந்தக் கதவுக்கு அதை அடித்தவள் சுவாதி.

வாசலில் சாமுண்டீஸ்வரி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு, பேயறைந்த முகத்தோடு, நூலளவுக்குத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்கிற தன் மகளைப் பார்த்தாள்.

ஒரு மல்லாட்டை உரிக்கிற நேரம்தான். பிறகு எழுந்து துண்டைச் சரிசெய்து, "வாங்க மேடம். சர்வேயா?" என்றாள்.

இந்த இடத்தில் சாமுண்டீஸ்வரியைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்வேக்குப் பதில் சொல்வதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினைந்து வருஷமாகக் கழிப்பறைக்காரர்கள், ரத்தசோகைக்காரர்கள், புகையில்லா அடுப்புக்காரர்கள், சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அடுப்பில் இப்போது கோழி முட்டையிடுகிறது. இத்தனை பேரையும் பார்த்ததில் தெரு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கற்றுக்கொண்டது. "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் அவர்கள் போகவே மாட்டார்கள். பிரச்சினை கிடைக்கிறவரை பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல பிரச்சினையாக ஒன்றை எடுத்த எடுப்பில் கையில் கொடுத்துவிட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் செஞ்சிக்குப் போய்விடுவார்கள்.

எந்தப் பிரச்சினை கொடுப்பது என்று மகளிர் குழுக் கூட்டத்திலேயே பேசி முடிவெடுத்திருந்தார்கள். தண்ணீர். நாலு வருஷத்துக்கு முன்பே வீட்டுக்கு வீடு வாசலில் குழாய் போட்டு, தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது, வெளியூர்க்காரர்கள் வருவதற்குள் நின்றும் விடுகிறது. ஆனாலும் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஈடு இணை கிடையாது. இடுப்பில் குடத்தோடு ஒரு பொம்பளை நின்றால் போட்டோ நன்றாக வரும். ஒரே இடைஞ்சல் அந்தக் குழாய்தான், அதற்கும் வழி வைத்திருந்தார்கள்.

"ராஜம்மா!" என்று சாமுண்டீஸ்வரி எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கோழியக் கவுத்தியா?"

"கவுத்துட்டேன்!" என்று உள்ளேயிருந்து ராஜம்மாள் கத்தினாள். தெரு நெடுக நாற்பது வாசலிலும் நாற்பது கூடைகள் கவிழ்ந்தன. கூடைக்குள் குழாய். ஆதவன் ஒரு கூடையின் பக்கம் குனிந்தான்.

"உள்ள என்னங்க?"

"அடைக்கோழி தம்பி. கிட்டப் போனா கொத்தும்."

ஆதவன் இரண்டடி பின்வாங்கினான்.

"ஒக்காருங்க. டீத்தூள் வாங்கியாறேன்" என்று சாமுண்டீஸ்வரி போனாள். டீத்தூள் அடுக்களையில் டப்பா நிறைய இருந்தது. பத்து நிமிஷத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்தத் தெருவில் சுவாதியை யாருக்கும் தெரியாது. அவளைப் பெற்றபோது பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்தவர்களுக்குத் தெரியாது, அவள் பெரியவளானபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் தெரியாது. ராஜம்மாள் மட்டும் சும்மா இருக்க முடியாமல் வந்து எதிரில் குந்திக்கொண்டாள்.

"மேடத்துக்கு எந்த ஊரு?"

சுவாதி முறைத்தாள். "பாண்டி."

"அய்ய, பாண்டியா! எங்கூட்டுக்காரரு வாராவாரம் போவாரே. போறப்ப நடந்து போவாரு, வர்றப்ப தூக்கியாருவாங்க. நல்ல ஊரு."

மோனிகா கேள்வித்தாளைச் சுவாதியிடம் நீட்டினாள். கேட்க வேண்டியது சுவாதி, எழுத வேண்டியது மோனிகா. பெற்ற தாயிடம் பெயர் என்ன என்று கேட்டு ஆரம்பித்தாள். அம்மா பெயர் சொன்னாள். வயது சொன்னாள், இரண்டு வருஷம் குறைத்தாள். தண்ணீர்க் கதைக்கு வந்ததும் குரலே மாறிவிட்டது.

"இன்னாத்தச் சொல்றது மேடம். விடிஞ்சா எழுந்தா கொடந்தான். ஏரிக்கரை பம்புக்கு ரெண்டு கிலோமீட்டரு. போவ ரெண்டு, வர ரெண்டு. இடுப்பு வுட்டுப் போச்சி. டாக்டரு கொடம் தூக்காதன்றாரு. தூக்காத எப்டி மேடம் தாகம் அடங்கும்?"

கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது. அது வழக்கமாக உடைகிற இடம். மோனிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல பெண் அவள், யார் அழுதாலும் கூட அழுவாள். அவளை ஏமாற்றுகிறோமே என்று சுவாதிக்குச் சுருக்கென்றது. அம்மா நடிக்கிற நடிப்பில் சிரிப்பும் முட்டியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"குடும்பத்துல யாரெல்லாம் இருக்காங்க?"

"வூட்டுக்காரரு பெங்களூர்ல. ஒரே பொண்ணு. மெட்ராஸ்ல படிக்குது."

"என்ன படிக்கிறாங்க?" என்று மோனிகா ஆர்வமாகக் குறுக்கே கேட்டாள்.

"சொல்லுது, எனக்குத்தான் வாயில நொழையல. கஷ்டமான படிப்பாத் தெரியல மேடம். ஜனங்களக் கேள்வி கேட்டு எழுதிக்கினு போவாங்களாம்." சொல்லிவிட்டுச் சுவாதியின் முகத்தைப் பார்க்காமல் மல்லாட்டைத் தட்டை எடுத்து நீட்டினாள். "சாப்டுங்க மேடம். பாண்டில இதெல்லாம் கெடைக்குமோ என்னவோ."

அடுத்த நாலு நாளும் மோனிகா குழு தண்ணீர்க் குடத்திலேயே முழுகியது. வெளியூர் ஆட்கள் மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள் என்ற தெருவின் அனுபவம் இவர்களிடம் பலிக்கவில்லை. இவர்களுக்கு ஆறு நாள் இருந்தது. சாமுண்டீஸ்வரி குடத்தை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், ஆதவன் பின்னால் படம் எடுக்க வேண்டும், மோனிகா அவளுடைய இடுப்பு எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று வரைய வேண்டும். ஏரிக்கரை பம்பு இற்றுப்போய்ப் பல வருஷமாகிறது. அதனால் ராஜம்மாள் கொல்லைப்பக்கம் வைத்திருந்த டிரம்மிலிருந்து யாருக்கும் தெரியாமல் குடத்தை நிரப்பி, ஏரிக்கரை மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். அதைத் தூக்கிக்கொண்டு சாமுண்டீஸ்வரி திரும்பி வருவாள். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்பான் ஆதவன். அவள் இன்னொரு தடவை நடப்பாள்.

நாலாம் நாள் அவள் ஒரு பக்கமாகக் காலை இழுத்து நடந்தாள். "சூப்பர், இது ரொம்ப இயல்பா இருக்கு" என்றான் ஆதவன். சுவாதிக்கு மட்டும் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. நாலு வருஷமாகக் குடம் தூக்காத இடுப்பு அது. இல்லாத வலியைச் சொல்லிச் சொல்லி, அதை நிரூபிக்க நடந்து நடந்து, வலி நிஜமாகவே வந்துவிட்டது.

பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லி அவள் கொல்லைப்பக்கம் போனாள். அம்மா சுவரில் சாய்ந்து இடுப்பில் ஏதோ தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா நடக்கற? முடியாதுன்னு சொல்லிட்டுப் படும்மா" என்று சுவாதி கிசுகிசுத்தாள்.

"உனுக்கு மார்க்கு போடுவாங்க இல்ல?"

"மார்க்குக்காக நீ இடுப்ப ஒடிச்சிக்குவியா?"

"கத்தாதடி, கேட்ரும்." அம்மா தைல மூடியைத் திருகினாள். திருகிக்கொண்டே, "நான் யாருன்னு சொன்னா உனுக்கு இன்னா ஆவும் சுவாதி?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என்ன ஆகும் என்று சுவாதிக்கே தெரியாது. ஏதோ ஆகும் என்று மட்டும் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. அம்மாவால் வந்த அவமானமில்லை அது, தன்னால் வந்தது.

அம்மா தைலப் புட்டியை மாடத்தில் வைத்தாள். "சரி, வுடு" என்றாள். பிறகு வாசலுக்குக் கேட்கும்படி, "தண்ணி பக்கெட்ல வச்சிருக்குறேன் மேடம், பாத்து ஊத்துங்க, தூரமா போயி தூக்கியாந்தது!" என்று குரல் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் தீர்வு தயாரானது. பழைய ஸ்பாஞ்சு, சைக்கிள் டியூப், பெல்ட்டு இவற்றைச் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொள்கிற ஒரு மெத்தை. குடத்தை அதன்மேல் வைக்கலாம். அதற்கு 'இடுப்பி' என்று பெயர் வைத்தார்கள். ஹரி வந்து பார்த்து, கையில் எடுத்து, முகர்ந்துகூடப் பார்த்து, அருமை என்றார். கூடவே ஆளுயரத்துக்கு ஒரு அட்டையும் தயாரானது. அதில் இடுப்பில் குடத்தோடு சாமுண்டீஸ்வரியின் படம் இருந்தது. பெயரைச் சொல்லக்கூடாது என்று 'செல்வி' ஆக்கிவிட்டார்கள். 'தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது' என்று கீழே எழுதியிருந்தது. பத்தாவது பாஸ் செய்த சாமுண்டீஸ்வரி அதை எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டு, "நாலுன்னுதான மேடம் சொன்னேன்?" என்றாள்.

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு ஜூரி வந்தது. இரண்டு வெள்ளைக் கார். ஒன்றிலிருந்து கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாளும், இன்னொன்றிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவரும் இறங்கினார்கள். சாமுண்டீஸ்வரியின் வாசலில் நாற்காலி போட்டிருந்தது. கைத்தறி அம்மாளின் நாற்காலிக்கு அருகே அந்தக் கூடை இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்திருந்த தெரு ஒருவரை மறந்துவிட்டது. தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் ஆதிமூலம். ஊர்க்கோடியில் டேங்கடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வரிசையாக இரண்டு வெள்ளைக் கார் காலனிப் பக்கம் போவதைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து வெள்ளைக் காரில் வருகிறவர்கள் கலெக்டர் ஆபீஸ்காரர்கள்தான். குழாய் இன்ஸ்பெக்ஷன்! ஏழு மணிக்குத்தான் விட்டேன், அளவாகத்தான் விட்டேன் என்று போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் வால்வை முழுசாகத் திறந்தார்.

அந்தத் தெருவில் குழாயை யாரும் மூடி வைப்பதில்லை. திறந்தே விட்டிருப்பார்கள். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கும், எழுந்து வந்து குடம் வைப்பார்கள்.

மோனிகா அப்போது இடுப்பியை விளக்கிக்கொண்டிருந்தாள். "இந்தச் சமூகத்துக்குத் தண்ணீர் என்பது ஒரு தொலைதூரக் கனவு" என்று ஆரம்பித்தாள். கூடைக்குள் யாரோ தும்மினார்கள்.

கைத்தறி அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அடைக்கோழி மேடம்" என்றான் ஆதவன், விஷயம் தெரிந்தவனாக.

கோழி மறுபடியும் தும்மியது. இருமியது. காறியது. பிறகு 'புஸ்ஸ்' என்று நீளமாக மூச்சு விட்டது. கூடை நடுங்கியது. என்ன கோழி இது என்று கைத்தறி அம்மாள் குனிந்து கூடையைத் தூக்கினாள். அடைத்திருந்த காற்றெல்லாம் போய்த் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்திலும் புடவையிலும் அடித்தது. தெரு நெடுக நாற்பது கூடைக்குள்ளிருந்தும் தண்ணீர் கொட்டியது. சில கூடைகள் மெதுவாக மிதந்து கிளம்பின. ராஜம்மாள் தன் வீட்டுக் கூடைமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பலிக்கவில்லை, நனைந்ததுதான் மிச்சம்.

தொலைதூரக் கனவு எல்லோருடைய செருப்பையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

மோனிகாவின் கையிலிருந்த இடுப்பி நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஸ்பாஞ்சு அல்லவா, நன்றாக உறிஞ்சியது.

"இது குழாய்தானே?" என்று தொப்பிக்காரர் கேட்டார். பார்த்தாலே தெரிகிற விஷயம், ஆனால் யாராவது கேட்கத்தான் வேண்டியிருந்தது.

ஹரியின் முகம் சிவந்துவிட்டது. "ஆறு நாள் இங்கேதானே இருந்தீங்க? பேட்டி எடுத்தது யார்? சரிபார்த்தது யார்?" என்றார். சமத்துவம் போன இடம் தெரியவில்லை. "சுவாதி! நீதானே லோக்கல் தமிழ்? இவங்க சொல்றது உண்மையா பொய்யான்னுகூடவா உனக்குத் தெரியல? இதுக்கு உங்க மூணு பேருக்கும் மார்க் போடணுமா?"

சுவாதி வாயைத் திறப்பதற்குள் சாமுண்டீஸ்வரி காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அதுங்கமேல கோவப்படாதீங்க சார். பொய் சொன்னது நானு. தெருவே சேந்து சொன்னோம். வர்றவங்க எல்லாரும் பிரச்சினை இன்னா, பிரச்சினை இன்னான்றீங்க. இல்லன்னா வுடமாட்டன்றீங்க. நாங்க இன்னா பண்றது?"

"அப்போ உங்களுக்கு உண்மையில் என்னதான் பிரச்சினை?" என்று கைத்தறி அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நனைந்தும் விடவில்லை அவள்.

"பாத்தீங்களா, மறுபடியும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

தொப்பிக்காரர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். ஹரிக்குச் சிரிப்பு வரவில்லை. "சுவாதி, உன்னைத்தான் கேட்கிறேன்" என்றார்.

"அந்த மேடத்தக் கேக்காதீங்க சார்" என்று சாமுண்டீஸ்வரி குறுக்கே விழுந்தாள். "அதுக்கு ஒண்ணும் தெரியாது. பாண்டிலேர்ந்து வந்த பொண்ணு, எங்க தெருவப்பத்தி அதுக்கு இன்னா தெரியும்? நான் ஏமாத்துனேன், அது ஏமாந்துச்சி. அது யாரு, நான் யாரு? இந்த ஆறு நாளைக்கு முன்னாடி அது மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல நானு."

ரொம்ப நன்றாகச் சொன்னாள். ஆறு நாளில் இதுதான் உச்சம். குரல் உடையவில்லை, உடைய வேண்டிய இடத்தில்கூட உடையவில்லை. ஜூரி நம்பியது. ஹரி நம்பினார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதும், சுவாதி தப்பித்துவிடலாம். ஏமாந்த பிள்ளை என்று அரை மார்க்காவது போடுவார்கள். பாண்டியும் பத்திரமாக இருக்கும்.

அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். அது இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் காலடியில் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை, குழாய் வந்த நாளிலிருந்து அந்த வாசலில் நின்று ஆயிரம் தடவை கத்தியதுதான் வாயில் வந்தது.

"அம்மா, கொழாய மூடும்மா. தண்ணி வீணாப் போவுது."

மோனிகா நிமிர்ந்து பார்த்தாள். சுவாதியைப் பார்த்தாள், சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள், மறுபடியும் சுவாதியைப் பார்த்தாள். ஆறு நாளாகத் தான் விதவிதமாக வரைந்து தள்ளிய முகத்தில் இருந்த மூக்கு, இரண்டு வருஷமாகத் தன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற மூக்குதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆதவன் கேமராவைக் கீழே இறக்கினான்.

"அம்மாவா?" என்றார் ஹரி.

"எங்க அம்மா, சார்" என்றாள் சுவாதி. இந்தத் தடவை சாரை முழுங்கவில்லை. "எங்க வீடு இதுதான். கதவுக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். எனக்கு எல்லாம் தெரியும். மோனிகாவுக்கும் ஆதவனுக்கும்தான் தெரியாது. மார்க்க எனக்கு மட்டும் கழிச்சிக்குங்க."

சாமுண்டீஸ்வரி உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "மேடம், நீங்க இன்னா..." என்று இழுத்துப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெருவுக்கே தெரியவில்லை. துண்டை எடுத்தபோது முகம் பழையபடி இருந்தது.

"எனுக்கு இடுப்பு ஒடியுது, நீயே மூடு" என்றாள். "பாண்டியாம் பாண்டி."

சுவாதி தண்ணீரில் இறங்கிக் குழாயை மூடினாள். அவள் நிமிர்ந்தபோது எதிர்வீட்டில் ராஜம்மாள் நனைந்த புடவையோடு கூடையைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்ததில் பாவம், அவளுக்கு மூச்சே முட்டிப்போயிருந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏண்டி சுவாதி! எப்ப வந்த?"

சுவாதி பாவாடை ஈரத்தைப் பிழிந்துகொண்டே, "இப்பதான் அத்த" என்றாள்.